பிரீதர் டியூபில் புகை: இன்ஜினைப் பிரிக்கும் முன்

வண்டி நன்றாக ஓடுகிறது. சைலன்சரில் புகை இல்லை. ஆனால் இன்ஜினுக்குப் பக்கத்தில் தொங்கும் ரப்பர் டியூபிலிருந்து புகை வருகிறது. இந்தப் புகாரோடு பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ரிங் போச்சுண்ணே, போர் பண்ணணும்" என்பதுதான். சில வண்டிகளில் அது உண்மை. பல வண்டிகளில் ஆயில் கூடுதலாக ஊற்றப்பட்டிருக்கும். அல்லது ஆயிலில் தண்ணீரோ பெட்ரோலோ கலந்திருக்கும். போர் வேலைக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். மற்றவை சில நூறில் முடியும். எது என்று கண்டுபிடிக்கத் தேவையான சோதனைகளில் முக்கால்வாசியை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம்.

அந்தச் சோதனைகளை எந்த வரிசையில் செய்வது என்பதே இந்த அத்தியாயம். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வண்டி வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதியது. உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகை மழை, வெள்ளம், மீன் பெட்டிப் பாரம், ஊருக்குள்ளேயே முடிந்துவிடும் குறுகிய ஓட்டம் என இந்தப் பகுதிக்கே உரிய காரணங்கள் பிரீதர் புகைக்குப் பின்னால் அடிக்கடி இருக்கும்.

இன்ஜின் ஏன் மூச்சு விடுகிறது

பிஸ்டன் கீழே இறங்கும்போது அதன் அடியில் கிராங்க்கேஸில் இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. மேலே ஏறும்போது அந்த இடம் விரிகிறது. 50 மி.மீ. போரும் 49.5 மி.மீ. ஸ்ட்ரோக்கும் உள்ள ஸ்ப்ளெண்டர் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் ஒருமுறை இறங்கினால் 97 சிசி காற்றைத் தள்ளும். ஐட்லிங்கில் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று என்றால், விநாடிக்கு 23 முறை இந்தத் தள்ளல் நடக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் இதை ஈடுகட்ட எதிர்த்திசையில் நகரும் இன்னொரு பிஸ்டன் இல்லை. ஆகவே காற்று வெளியே போக ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் பிரீதர்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு எப்போதும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும். ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்பதால், புத்தம் புது வண்டியிலும் இந்தக் கசிவு உண்டு. சூடான ஆயிலின் ஆவியும் இதில் கலக்கும். ஆகவே வண்டி நன்கு சூடான பிறகு பிரீதர் டியூபைக் கழற்றிப் பார்த்தால் விட்டுவிட்டு வரும் மெல்லிய ஆவி தெரியத்தான் செய்யும். அது நோய் இல்லை. கவனிக்க வேண்டியது அளவு, நிறம், மணம், அது வரும் நேரம்.

பழைய வண்டிகளில் இந்த டியூப் தரையைப் பார்த்துத் திறந்திருக்கும். பின்னர் வந்த வண்டிகளில் அது ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய், வாயு மீண்டும் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 வண்டிகள் எல்லாவற்றிலும் இது மூடிய சுற்று. அவற்றில் டியூப் புகைவது கண்ணுக்குத் தெரிகிறது என்றால், டியூப் எங்கோ கழன்றிருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது என்பதை முதலில் சந்தேகியுங்கள். அதை மாட்டியதும் புகை மறைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காமல், கீழே உள்ள ஆயில் சோதனையையும் செய்துவிடுங்கள்.

முதலில் டியூபை அடையாளம் காணுங்கள்

இன்ஜினைச் சுற்றி நான்கைந்து டியூப்கள் தொங்கும். எல்லாம் பிரீதர் அல்ல.

கிராங்க்கேஸின் மேல்பகுதியிலிருந்தோ ஹெட் கவரிலிருந்தோ கிளம்பி ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும், விரல் தடிமனுள்ள டியூப்தான் பிரீதர்.

ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் தொங்கி, முனையில் மூடி போட்டிருக்கும் குட்டை டியூப் வடிகால். பிரீதர் வழியே வந்த ஆயிலும் தண்ணீரும் இதில்தான் தேங்கும்.

கார்புரேட்டரின் அடியிலிருந்து வரும் மெல்லிய டியூப் ஓவர்ஃப்ளோ. இதில் பெட்ரோல்தான் சொட்டும்.

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து, சைலன்சர் பைப் தொடங்கும் இடத்துக்கு மேலே ஹெட்டுக்குப் போகும் டியூப், புகையைக் குறைக்கப் புதுக்காற்று தரும் குழாய். இதில் சூடும் கரும்புகையும் திரும்பி வந்தால் அதன் ரீட் வால்வு பழுது. ரிங்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த டியூபைப் பிரீதர் என்று நினைத்து இன்ஜினை இறக்கினால் அத்தனையும் வீண் செலவு.

டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது. பழைய எக்ஸ்.எல். சூப்பர் போன்றவற்றில் பெட்ரோலும் காற்றும் கிராங்க்கேஸ் வழியாகத்தான் போகின்றன. அங்கே இந்த வகைப் பிரீதரே கிடையாது. ஃபோர்-ஸ்ட்ரோக்கான எக்ஸ்.எல். 100 வேறு, அதற்கு இங்கே சொல்வதெல்லாம் பொருந்தும்.

நிறம், மணம், நேரம்

வெள்ளையாக வந்து ஓரடி தூரத்துக்குள் கரைந்துவிட்டால் அது நீராவி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து, பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்தில் நின்றுவிட்டால் கவலை குறைவு. நிற்காமல் தொடர்ந்தால் ஆயிலில் தண்ணீர்.

நீலமும் சாம்பலும் கலந்து, காற்றில் தங்கி, எரிந்த எண்ணெய் வாசம் அடித்தால் அது ஆயில் புகை. ஆயில் அதிகமாக இருக்கலாம், ரிங் தேய்ந்திருக்கலாம். ஏற்றத்திலும் பாரத்திலும் புகை கூடினால் ரிங் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு நிறுத்திப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும்.

பெட்ரோல் வாசம் தூக்கலாக இருந்தால் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. இந்த வண்டியின் டியூப் அருகே பீடியோ தீக்குச்சியோ கொண்டுபோகக் கூடாது.

டியூபோடு சைலன்சரையும் பாருங்கள். இரண்டிலும் நீலப் புகை வந்தால் ரிங், போர் தேய்மானத்துக்கான வாய்ப்பு அதிகம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் சைலன்சரில் ஒரு குப்பென்று நீலப்புகை வந்து நின்றால் அது வால்வு சீல் பழுது. பிரீதர் புகைக்கு அது முதன்மைக் காரணம் ஆகாது.

காசில்லாச் சோதனைகள்

1. ஆயில் மட்டம். சமதளத்தில் மெயின் ஸ்டாண்டு போடுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் வண்டி தவறான மட்டம் காட்டும். மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மேலும் மூன்று நிமிடம் காத்திருங்கள். டிப் ஸ்டிக்கைத் துடைத்து மீண்டும் உள்ளே விடும்போது, பல வண்டிகளில் அதை மரைக்குள் திருகாமல் வெறுமனே வைத்துத்தான் அளக்க வேண்டும். திருகி அளந்தால் ஆயில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். வண்டியோடு வந்த கையேட்டில் இது இருக்கிறது. கண்ணாடிச் சன்னல் உள்ள புல்லட்டுகளில் வண்டியை நேராக நிறுத்தி, ஆயில் இரு கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

2. ஆயிலின் தோற்றம். டிப் ஸ்டிக்கில் ஒட்டியது பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் தண்ணீர். ஆயில் மூடியின் உள்பக்கம் மட்டும் வெளிர்மஞ்சள் நுரை ஒட்டியிருந்து, கீழே ஆயில் தெளிவாக இருந்தால் வெறும் ஈரப்பசை.

3. சொட்டுச் சோதனை. ஒரு சொட்டு ஆயிலைச் சூடான தோசைக்கல்லில் விடுங்கள் (சமையலுக்கு ஆகாத பழைய கல்லாக இருக்கட்டும்). சடசடவென்று தெறித்தால் தண்ணீர் உண்டு. இன்னொரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டு அரைமணி கழித்துப் பாருங்கள். நடுவில் கறுப்பும் அதைச் சுற்றி அகலமாகப் பரவிய வெளிர் வளையமும், அதில் பெட்ரோல் வாசமும் இருந்தால் எரிபொருள் கலப்பு.

4. பாட்டில் சோதனை. வெளியே திறந்திருக்கும் பிரீதராக இருந்தால், டியூபின் முனையைக் காலி தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டுக் கட்டி இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். பாட்டிலின் கழுத்தில் ஓட்டை போட்டு வையுங்கள்; காற்று போக வழியில்லாமல் அடைத்துவிடக் கூடாது. செயின், பின்சக்கரம், சைலன்சர் மூன்றிலும் படாமல் கட்டுங்கள். சேர்ந்தது வெறும் தண்ணீரா, நுரையா, சுத்தமான ஆயிலா என்பது காரணத்தைச் சொல்லிவிடும். பின்டயரில் ஆயில் சொட்டும் வண்டியை மட்டும் இந்தச் சோதனைக்காக ஓட்டாதீர்கள், வளைவில் வழுக்கிவிடும்.

5. டியூப் சோதனை. டியூபைக் கழற்றி ஊதிப் பாருங்கள். மடிப்பு, சேறு, குளவிக் கூடு எது இருந்தாலும் அடைப்புதான். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் கிளிப் துருப்பிடித்து ரப்பரை அறுத்துவிடும். கிளிப்புக்கு அடியிலும் பாருங்கள்.

காரணங்களும் தீர்வுகளும்

ஆயில் அதிகம். மிக அதிகம் காணப்படும் காரணம் இது. 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு ஆயில் மாற்றும்போது ஒரு லிட்டருக்குக் குறைவாகத்தான் தேவை. "வாங்கினது வீணாகக் கூடாது" என்று டப்பா முழுவதையும் ஊற்றினால், சுழலும் கிராங்க்கும் கியரும் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை பிரீதர் வழியே ஏறும். டிரைன் நட்டைத் தளர்த்தி மேல்கோட்டுக்குக் கீழே கொண்டுவாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் வடிகால் மூடியைக் கழற்றித் தேங்கியதை வெளியேற்றுங்கள். ஆயிலில் ஊறிய காகித ஃபில்டரைக் கழுவிப் பயனில்லை, புதிது போடுங்கள். இருநூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் புகை இருந்தால் மட்டும் அடுத்த காரணத்துக்குப் போங்கள்.

ஆயிலில் ஈரம். அண்ணாமலை நகரிலிருந்து சிதம்பரம் கீழவீதிக்கும், அங்கிருந்து ரயில் நிலையத்துக்கும் என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓடும் வண்டியின் ஆயில் முழுதாகச் சூடாவதே இல்லை. எரிதலில் உண்டாகும் நீராவி உள்ளேயே குளிர்ந்து தங்குகிறது. மழைக்காலத்தில் இது இரட்டிப்பாகும். வாரம் ஒருமுறை நிறுத்தாமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய்வந்தால் போதும். அந்தச் சூட்டில் ஈரம் ஆவியாகிப் பிரீதர் வழியே வெளியேறிவிடும். அப்போது டியூபில் தெரியும் வெள்ளைப் புகை குணமாவதன் அடையாளம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 நவம்பர், டிசம்பர் மழையிலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகியபோதும் கடலூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் சிதம்பரத்துக்குத் தெற்கே கரையோரக் கிராமங்களிலும் இதே நிலைதான். சூடான இன்ஜின் தண்ணீரில் நின்றுபோனால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்தச் சுருக்கம் பிரீதர் வழியாகவே தண்ணீரை உள்ளே உறிஞ்சும். சைலன்சர் வாய்க்கு மேல் தண்ணீர் ஏறாத வண்டியிலும் ஆயில் பாலாகிப்போவது இப்படித்தான்.

தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் பழைய ஆயிலை முழுவதும் இறக்குங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, இக்னிஷனை அணைத்து, கிக்கரை மெதுவாக மிதித்து சிலிண்டரில் உள்ள தண்ணீரை வெளியேற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி, பிரீதர் டியூப், கார்புரேட்டர் கிண்ணம் மூன்றையும் காலி செய்து துடையுங்கள். பிறகு விலை குறைந்த, ஆனால் சரியான கிரேடு ஆயிலை ஊற்றி, ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, சூட்டோடு இறக்குங்கள். வெளியே வரும் ஆயில் பால் நிறம் இல்லாமல் வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே தடவையில் தெளிவது அரிது. அதன்பிறகே நல்ல ஆயில். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவி இன்ஜினை ஓட்டாதீர்கள். பேரிங்குக்கும் போருக்கும் எண்ணெய்ப்படலம் இல்லாமல் போகும்.

கூலன்ட் ஊற்றும் வண்டிகளில் வெள்ளமே பார்க்காமல் ஆயில் பாலானால், கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் வாட்டர் பம்ப் சீல் அல்லது ஹெட் பேக்கிங் பழுது.

ஆயிலில் பெட்ரோல். கார்புரேட்டர் வண்டிகளில் ஃப்ளோட் ஊசி தேய்ந்து, பெட்ரோல் டேப்பும் இரவில் திறந்தே இருந்தால், பெட்ரோல் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலில் கலக்கும். அடையாளம் எளிது: நீங்கள் ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருக்கும், தொட்டால் தண்ணீர்போல் இருக்கும். ஃப்ளோட் ஊசியை மாற்றி, ஆயிலையும் மாற்றுங்கள். ஊசியை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் சில நாளில் பழைய கதைதான். நிறுத்தும்போது டேப்பை மூடும் பழக்கம் வேண்டும்.

தவறான ஆயில். கியரும் கிளட்சும் அதே ஆயிலில் ஓடும் வண்டிகளுக்கு ஜாசோ எம்.ஏ. என்று குறிப்பிட்ட ஆயில் வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் அபாயம் உண்டு. 20டபிள்யூ50 கேட்கும் இன்ஜினில் மெல்லிய ஆயில் ஊற்றினால், வெயிலில் பாரத்தோடு போகும்போது ஆவியும் புகையும் கூடும். துறைமுகத்திலிருந்து ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றி, தெருத்தெருவாக மெதுவாக ஓடும் வண்டிகளில் காற்றோட்டக் குளிர்ச்சி குறைவு. அவற்றுக்கு நிறுவனம் சொல்லும் தூரத்துக்கு முன்பே ஆயில் மாற்றுவது லாபம்.

ரிங்கும் போரும். மேலே உள்ள எதுவும் இல்லை என்றால்தான் இங்கே வர வேண்டும். இங்கும் முதல் வேலை கம்ப்ரெஷன் அளவு. இன்ஜின் சூடாக, சோக் மூடாமல், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து, முள் நிற்கும்வரை கிக் அடித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கையேடு சொல்வதைவிடக் குறைவாக இருந்தால், பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். 100 சிசி இன்ஜினில் பிஸ்டன் மேலே நிற்கும்போது எஞ்சும் இடமே சுமார் 12 சிசிதான். ஆயில் அதிகம் போனால் இடம் சுருங்கிப் பொய்யான அளவு காட்டும். இரண்டாம் அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங்.

பட்டறையில் கம்ப்ரெஸர் இருந்தால் இன்னும் தெளிவான வழி உண்டு. இரு வால்வும் மூடியிருக்கும்போது பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றைச் செலுத்துங்கள். பிரீதரில் இரைச்சல் கேட்டால் ரிங். கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு.

ரிங் தேய இந்த வட்டாரத்தில் தூசிதான் பெரிய காரணம். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காயும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரித் தோப்புச் செம்மண் பறக்கும். கிழிந்த ஏர் ஃபில்டரோடு ஓடிய வண்டியின் போர் உப்புத்தாளில் தேய்த்ததுபோல் ஆகிவிடும். போர் செய்யும்போது பிஸ்டன் 0.25 மி.மீ. படிகளில் பெரிதாக வாங்கப்படும். லேத்தில் கொடுக்கும்போது பிஸ்டனையும் சேர்த்துக் கொடுங்கள். பிஸ்டனை அளந்துதான் போர் வெட்ட வேண்டும். பூச்சு போட்ட அலுமினியச் சிலிண்டர்களில் போர் வெட்ட முடியாது. சிலிண்டரையே மாற்ற வேண்டும். புது ரிங் போட்ட பிறகும் புகைந்தால் மூன்றைக் கேளுங்கள்: எழுத்துள்ள பக்கம் மேலே வந்ததா? ரிங் வாய்கள் ஒரே கோட்டில் நிற்காமல் விலக்கி வைக்கப்பட்டனவா? பழைய போராக இருந்தால் ஹோனிங் செய்யப்பட்டதா?

பழைய புல்லட்டுக்குத் தனிக் குறிப்பு

வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய புல்லட்டில் ஆயில் தொட்டி இன்ஜின் கூட்டுக்குள்ளேயே தனி அறையாக இருக்கிறது. வண்டி வாரக்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியே கசிந்து கிராங்க் அறைக்கு இறங்கிவிடும். அப்போது டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவாகத் தெரியும். குறைந்துவிட்டது என்று மேலும் ஊற்றினால் ஸ்டார்ட் செய்ததும் பிரீதர் புகையோடு ஆயிலையும் அடிக்கும். ஊற்றாமல் ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஓடவிட்டு, பம்ப் ஆயிலைத் தொட்டிக்குத் திருப்பிய பிறகு மட்டம் பாருங்கள். முதல் ஓரிரு நிமிடப் புகை அடங்கிவிட்டால் குறை ஏதும் இல்லை. அடங்காவிட்டால் பிரீதரில் உள்ள ரப்பர் வால்வைப் பாருங்கள். காற்றை வெளியே விட்டு உள்ளே விடாமல் தடுப்பது அதன் வேலை. விறைத்தோ கிழிந்தோ தலைகீழாகவோ இருந்தால் மாற்றுங்கள், மலிவான பொருள்தான்.

செய்யக்கூடாதவை

பிரீதர் டியூபைத் தக்கை வைத்தோ போல்ட் செருகியோ அடைக்காதீர்கள். புகை நிற்கும், அழுத்தம் நிற்காது. அது கியர் ஷாஃப்ட் சீலையும் முன்செயின் ஸ்பிராக்கெட் சீலையும் பிதுக்கி ஆயிலை வெளியே தள்ளும். சீல் அடிக்கடி போகிற வண்டியில் பிரீதர் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டியூபைப் பிடுங்கித் தரைக்குத் தொங்கவிடாதீர்கள். பெட்டியில் திறந்த துளை வழியே தூசி நேராகச் சிலிண்டருக்குப் போகும். வெள்ளத்தில் அந்த முனைதான் முதலில் மூழ்கும்.

புகையை நிறுத்தும் என்று விற்கப்படும் கெட்டிக் கலவைகளை ஆயிலில் ஊற்றாதீர்கள். வண்டியை விற்கும்வரை மறைக்க அது உதவலாம், ஓட்டுபவருக்கு உதவாது.

பட்டறைக்குப் போகும்போது ஒரு தாளில் மூன்று விவரங்களை எழுதிக்கொண்டு போங்கள்: ஆயில் மட்டம் எவ்வளவு, ஆயில் என்ன நிறம் என்ன வாசம், கம்ப்ரெஷன் ஆயிலோடும் ஆயிலில்லாமலும் எவ்வளவு. மூன்றாவதை மெக்கானிக்கிடம் கேட்டு உங்கள் கண்ணெதிரில் அளக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. இந்த மூன்றும் தெரியாமல் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.